எழுபது மைலுக்கு ஒத்திகை

“அண்ணாச்சி, சும்மா ஏறுங்க. வண்டி காலியாத்தான் போகுது” என்று துல்கர்னைன் குதிரையை இழுத்துப் பிடித்தது அது மூன்றாவது நாள்.

ஆவுடைநாயகம் பிள்ளை நிற்கவில்லை. வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் எண்ணிக்கை தவறிவிடும். நூறு எட்டு எடுத்து வைத்ததும் இடது மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது மடியில் போட வேண்டும். அப்போது தொண்ணூற்றேழுதான் ஆகியிருந்தது.

துல்கர்னைன் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே பதினைந்து வருஷமாகக் குதிரை வண்டி ஓட்டுகிறவர். சீசனுக்கு வரும் எத்தனையோ வகை மனிதர்களை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஆனால் உள்ளூரில் பத்திரம் எழுதும் பெரிய மனிதர் ஒருவர், விடிந்தும் விடியாமலும், காலில் செருப்பில்லாமல், தலையில் மூட்டையோடு, முணுமுணுத்துக்கொண்டே மடிக்கு மடி புளியங்கொட்டை மாற்றிக்கொண்டு நடப்பதை அவர் பார்த்ததில்லை. வண்டியை மெதுவாகப் பக்கத்திலேயே விட்டுக்கொண்டு வந்தார்.

“மூட்டையில என்ன அண்ணாச்சி?”

நூறு முடிந்திருந்தது. பிள்ளை புளியங்கொட்டையை மாற்றிவிட்டு நின்றார்.

“செங்கல்.”

“வீட்டுல வேலை நடக்கோ?”

“இல்ல. கனத்துக்கு.”

“எங்க கொண்டு போறீக?”

“அருவிக்கு.”

“அங்கன இறக்கணுமாக்கும்?”

“அங்கன எதுக்கு? திரும்ப வீட்டுக்குத்தான் கொண்டு போகணும்.”

 துல்கர்னைன் குதிரையைத் தட்டி விட்டார். வளைவு திரும்பும்வரை நாலைந்து தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பிள்ளை பொய் சொல்லமாட்டார். அவரிடம் இருக்கிற கெட்ட பழக்கம் அது ஒன்றுதான் என்று அவர் மனைவி கோமதியம்மாள் சொல்லுவாள். இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். கேட்டதற்கு உள்ளது உள்ளபடி பதில் வரும். கேட்காததற்குப் பதில் வராது. தென்காசியில் தன்னைவிடத் தெளிந்த மூளை கிடையாது என்பது அவருடைய அபிப்பிராயம். அதை ஒருவரும் எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் இராமலட்சுமிக்கு இலத்தூர் ரத்தினம் பிள்ளையின் மகன் செல்லப்பாவைப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. செங்கோட்டைப் பக்கம் மலையாள ராஜ்யத்திலிருந்து மதராஸோடு சேர்ந்த வருஷம் ஆரம்பித்த பேச்சு. செங்கோட்டை சேர்ந்துவிட்டது, சம்பந்தம் சேரவில்லை. ஜாதகம் பொருந்தியிருந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். தேரோட்டத்தன்று வடம் பிடித்த இடத்தில் பையன் பெண்ணைப் பார்த்தான், பெண்ணும் பார்த்தாள், இருவருக்கும் பிடித்துப்போனது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் மாட்டோம் என்றும் சொல்லாமல், சரி என்றும் சொல்லாமல், “பாப்போம்” என்றே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காரணம் என்ன என்று கேட்டால் தரகர் தலையைச் சொறிந்தார்.

இராமலட்சுமிக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. நடுவில் வந்த இரண்டு வரன்களையும் அவள் வேண்டாம் என்றுவிட்டாள். கட்டினால் இலத்தூர் வாத்தியாரைக் கட்டுவேன், இல்லையென்றால் இப்படியே இருந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற பெண். 

மற்றவர்களாக இருந்தால் திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருப்பார்கள். பிள்ளைக்கு வாய்மொழி ஒப்பந்தத்தில் நம்பிக்கை இல்லை. ஆனி மாதம் முதல் தேதி முத்திரைக் காகிதம் வாங்கிவந்து, பூஜை அறையில் உட்கார்ந்து, முருகனோடு ஒரு உடன்படிக்கைப் பத்திரம் எழுதினார். ஒன்றாவது பார்ட்டி திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி. இரண்டாவது பார்ட்டி தென்காசி ஆவுடைநாயகம் பிள்ளை. ஆடி பிறந்தால் நல்ல காரியம் பேச முடியாது. ஆகவே அதற்குள் ஒன்றாவது பார்ட்டி இலத்தூர்க்காரர்களை வெற்றிலை மாற்ற வைக்க வேண்டியது. வைத்தால் ஆவணித் திருவிழாவுக்கு இரண்டாவது பார்ட்டி தென்காசியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் எழுபது மைலும் வெறுங்காலோடு நடந்து வர வேண்டியது. நடக்கும் பாதைக்கு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு எல்லையும் குறித்திருந்தார்.

மூன்றாவது ஷரத்து முக்கியமானது. சம்பந்தம் முடிவாகும்வரை இந்த நேர்ச்சையைப் பற்றி வீட்டாரைத் தவிர யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. காரியம் நடக்காமல் போனால் முருகனுக்கு ஊரில் பெயர் கெட்டுவிடும் என்பது பிள்ளையின் கவலை. ஆகவே சாட்சிக்கும் வெளியாள் கூப்பிட முடியவில்லை. சூரியன், சந்திரன் என்று இரண்டு பெயரை எழுதி முடித்தார்.

எழுதிவிட்டாரே தவிர, அவருக்கு நடந்து பழக்கம் இல்லை. வீட்டிலிருந்து பத்திர ஆபீஸ் இரண்டு தெரு. அதற்குள்ளேயே ஒரு ஜவுளிக்கடையில் உட்கார்ந்து எழுந்துதான் போவார். எழுபது மைலை எப்படி நடப்பது? யோசித்துப் பார்த்தார். குற்றாலத்துக்குப் போகவர ஏழு மைல். அதைப் பத்தால் பெருக்கினால் திருச்செந்தூர். தினமும் விடியற்காலையில் அருவிவரை நடந்து பழகுவது என்று முடிவு செய்தார்.

யாத்திரை மூட்டையையும் பழக வேண்டுமே. வேட்டி, துண்டு, அவல், ஒரு சிறு செம்பு எல்லாவற்றையும் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். நாலு செங்கல் கனம் வந்தது. அந்தச் சாமான்களையே சுமந்து போகலாமே என்று கோமதியம்மாள் கேட்டாள். யாத்திரைக்கு முன்னாலேயே வேட்டி அழுக்காகிவிடும் என்று பிள்ளை விளக்கினார். அவள் இருபத்தைந்து வருஷமாக அவரோடு குடித்தனம் பண்ணுகிறவள். சரி என்று செங்கல்லை எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் பிள்ளையின் கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆறாம் நாள் திரும்பி வரும்போது ரோட்டோரம் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கோமதியம்மாள் பயந்துபோய் வடகரையிலிருந்து தன் தம்பி குத்தாலிங்கத்தை வரவழைத்தாள். அவன் தென்னந்தோப்புப் பார்க்கிறவன், ஆறடி ஆள். அத்தானைத் தனியாக விடாதே, பின்னாலேயே போ, பாறையில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள் என்று சொல்லி அனுப்பினாள். வீக்கத்துக்கு வைத்தியர் தைலம் கொடுத்தார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தடவிக்கொண்டு அரை மணி நேரம் அருவியில் நின்றால் வலி இருந்த இடம் தெரியாது என்றார்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். சித்தம் கலங்கியவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து, தலை நிறைய எண்ணெய் வைத்து, ஒரு மண்டலம் அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வைத்தியம். தண்ணீர் உச்சியில் அடிக்க அடிக்க மூளைச்சூடு தணியும் என்பார்கள். ஆகவே ஒரு மனிதர் விடியற்காலையில் எண்ணெய் வழிய வழிய, தனக்குத்தானே பேசிக்கொண்டு முன்னால் நடக்க, கட்டுமஸ்தான உறவுக்காரன் ஒருவன் இருபதடி பின்னால் காவலாக வர, அருவியில் அவன் அவரைக் கையைப் பிடித்து நிறுத்தினால், தென்காசியில் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை.

அப்படியும் ஒன்றிரண்டு பேர் குத்தாலிங்கத்திடம் அத்தானுக்கு என்னப்பா என்று கேட்டார்கள். அவன் மூன்றாவது ஷரத்துக்குக் கட்டுப்பட்டவன். “ஒண்ணுமில்ல. வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காக” என்றான். கேட்டவர்கள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பத்திர ஆபீசில் பிள்ளைக்குத் திடீரென்று மரியாதை கூடியது. எதிர்த்துப் பேசுகிற கட்சிக்காரர்கள்கூட அவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டார்கள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக அழுத்திப் பேசினார்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த ஒருவர் ஆறு எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் இன்னொருவர் பத்துப் பழம் கொண்டு வந்தார். மூன்றாம் நாள் ஒரு கூடையே வந்தது. பைத்தியம் தெளியத் தலையில் தேய்த்துக் குளிக்கத்தான் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இந்த வருஷம் எலுமிச்சை காய்ப்பு ஜாஸ்தி என்று வீட்டில் சொன்னார். கோமதியம்மாள் இரண்டு ஜாடி ஊறுகாய் போட்டாள்.

உண்மை தெரிந்தது துல்கர்னைன் மனைவி ஹாஜரா பீவி மூலமாக. ஒருநாள் மத்தியானம் அவள் சின்னச் செம்பில் தண்ணீரோடு வந்தாள். பொட்டல்புதூர் பள்ளிவாசலில் ஓதி வாங்கி வந்த தண்ணீர். கோமதியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“மனசைத் தளர விடாதீக மதினி. எங்க சின்ன மாமாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. அவரு தேங்காயைச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சாரு. இவுக செங்கல்.”

கோமதியம்மாள் செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பத்து நாளாக ஊர் ஏன் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் உச்சுக் கொட்டியது என்று அப்போதுதான் விளங்கியது. சாயங்காலம் புருஷன் வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டாள்.

“இந்தாருங்க, உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னு ஊரெல்லாம் பேசுதாக. தெரியுமா?”

பிள்ளை சிரித்தார். தென்காசியில் கோட்டி பிடிக்க வேண்டுமென்றால் வரிசையில் தனக்கு முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள் என்றார். அவர் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, வெள்ளிக்கிழமை இலத்தூர்க்காரர்கள் வருகிறார்கள் என்று தரகர் சொல்லி அனுப்பியதை அவள் சொன்னாள். இரண்டு வருஷத்தில் அவர்களாகவே வருகிறோம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது என்ன எழவுக்கு வருகிறார்களோ, வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார்களோ?  அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இராமலட்சுமி அசையாமல் நின்றாள். ஆடி பிறக்க எட்டு நாள் இருந்தது.

பிள்ளையின் சிரிப்பு நின்றது. மகள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கடைத்தெருவில் இறங்கினார். கடை கடையாக ஏறி, தனக்குப் பைத்தியம் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள். ஆமாம், இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு கடைக்காரர் மோர் வாங்கிக் கொடுத்தார். பிறகு ஏன் செங்கல் சுமக்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டாலும் மூன்றாவது ஷரத்து இருந்தது.

வாய்ப்பேச்சு உதவாது, எழுத்தில் இருக்க வேண்டும் என்று பிள்ளை தீர்மானித்தார். முத்திரைக் காகிதம் ஒன்று வாங்கினார். “எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, நல்ல ஞாபகத்துடனும் சுயபுத்தியுடனும்” என்று ஆரம்பித்து, தனக்குச் சித்த சுவாதீனம் பூரணமாக இருக்கிறது என்றும், இனிமேல் இதைக் குறித்துத் தன் வாரிசுகளோ ஊராரோ ஆட்சேபம் செய்தால் செல்லாது என்றும் ஒரு பிரகடனப் பத்திரம் எழுதினார். இந்தத் தடவை ஷரத்து எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஆபீசுக்கு வந்திருந்த இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் மனசு ஆறட்டும் என்று அவர்கள் படிக்காமலேயே போட்டார்கள்.

பதிவு செய்யும் அதிகாரி பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். தன்னுடைய பதினெட்டு வருஷ உத்தியோகத்தில், எனக்குப் பைத்தியம் என்று எழுதிப் பதிய வந்தவரும் கிடையாது, இல்லை என்று எழுதி வந்தவரும் கிடையாது, எந்தப் புஸ்தகத்தில் பதிவது என்று தெரியவில்லை என்றார். வேண்டுமானால் நாலு நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் அன்பாகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் செய்தி பாவூர்ச்சத்திரம் வரை போய்விட்டது.

குத்தாலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

“அத்தான், பேசாம நேர்ச்சையைச் சொல்லிருவோம். திருச்செந்தூருக்கு நடக்கப் பழகுதாகன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. அந்த மூணாவது ஷரத்தை அடிச்சு விட்டிருங்க.”

“போலே கூறு கெட்டவனே. அடித்தல் திருத்தல் இருந்தா ரெண்டு பார்ட்டியும் பக்கத்துல கையெழுத்துப் போடணும். அவரு வந்து போடுவாரா?”

குத்தாலிங்கம் முருகன் படத்தைப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் அருவிக்குப் போக வேண்டாம் என்று கோமதியம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். ஒரு நாள் விட்டால் கணக்கு உதைக்கும் என்று போய்விட்டுத்தான் வந்தார். வந்ததும் அவரைச் சலவை வேட்டி கட்டி நாற்காலியில் உட்கார வைத்தாள். மடியைச் சோதித்து ஏழு புளியங்கொட்டைகளைப் பிடுங்கிக்கொண்டாள். கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதுவும் ஒற்றை வார்த்தையில் என்று உத்தரவு போட்டாள். இராமலட்சுமி வாங்கி வைத்த மல்லிகைப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிலையத்திலிருந்து இலத்தூர்க்காரர்கள் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். துல்கர்னைன் வண்டி. ரத்தினம் பிள்ளையும் அவருடைய மனைவி பிரமு அம்மாளும் இறங்கும்போதே துல்கர்னைன் முகத்தைக் கவனித்த கோமதியம்மாளுக்கு, வழி நெடுக என்ன பேச்சு நடந்திருக்கும் என்று புரிந்துபோயிற்று. கேட்டார்கள் மதினி, எப்படிப் பொய் சொல்வது என்று துல்கர்னைன் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் காப்பி போட அடுக்களைக்குள் போனாள். பால் பாதி அடுப்பில் சிந்தியது.

ரத்தினம் பிள்ளை தொண்டையைச் செருமினார்.

“சௌக்கியந்தானா?”

“சௌக்கியம்” என்றார் ஆவுடைநாயகம் பிள்ளை.

“அருவியில தண்ணி எப்படி விழுது?”

“நல்லா விழுது.”

“தினமும் போறீகளோ?”

“தினமும்.”

“இன்னைக்கும்?”

“இன்னைக்கும்.”

புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் இராமலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். ரத்தினம் பிள்ளை துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். கிளம்பப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“நல்ல நேரம் முடியதுக்குள்ள தட்டை மாத்திருவோம். ஆவணியில முகூர்த்தம் வச்சுக்கிடலாம்” என்றார்.

 குத்தாலிங்கம் ஓடிப்போய் வெற்றிலை பாக்குத் தட்டைக் கொண்டுவந்தான். கோமதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்கக் கண் நிறைந்தது. உள்ளே இராமலட்சுமி பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஆவுடைநாயகம் பிள்ளை மட்டும் தட்டைத் தொடவில்லை. ஒன்றாவது பார்ட்டி ஒப்பந்தத்தைச் சரியாக நிறைவேற்றிவிட்டார், அதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் வில்லங்கத்தை மறைத்து எழுதுகிற பத்திரம் செல்லாது. நாளைக்கு இவர்கள் காதில் கோட்டி என்ற பேச்சு விழுந்து மகளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? சம்பந்தம்தான் முடிவாகிவிட்டதே, மூன்றாவது ஷரத்தும் தீர்ந்தது. கோமதியம்மாள் கண்ணால் கெஞ்சியதைப் பார்க்காதவர்போல எழுந்து, பூஜை அறைக்குப் போய், இரண்டு பத்திரங்களையும் எடுத்து வந்தார்.

“என்னைப் பத்தி ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. அது பொய். நான் திருச்செந்தூருக்கு நடக்கதுக்குப் பழகுதேன், அவ்வளவுதான். ஆதாரம் இருக்கு” என்று ஆரம்பித்தார்.

பிறகு நின்றுகொண்டே படித்தார். முருகனோடு எழுதிய உடன்படிக்கையை முதல் வரியிலிருந்து, நான்கெல்லை உள்பட, சூரியன் சந்திரன் சாட்சி உள்பட முழுசாகப் படித்தார். அடுத்தாற்போல், தனக்குப் பைத்தியம் இல்லை என்று எழுதிய பத்திரத்தையும் படித்தார். செங்கல்லின் எடையைச் சொன்னார். இதுவரை மாற்றிய புளியங்கொட்டை எத்தனை என்று சொன்னார். கோமதியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிரமு அம்மாள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். அவர் முடித்ததும் ரொம்பச் சந்தோஷம் அண்ணாச்சி, உட்காருங்க என்று சொல்லி அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். தட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கோமதியம்மாளிடம் கொடுத்தாள். அவள் காதருகே குனிந்து சொன்னாள்:

“ரெண்டு வருசமா நாங்க யோசிச்சது பொண்ணைப் பத்தி இல்ல மதினி. அண்ணாச்சிக்குக் கோட்டிங்கிறது இலத்தூர்ல இருவது வருசமாச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வைத்தியம் பாக்காமலே வச்சிருக்காகளே, அந்த வீட்டுல எப்படிப் பொண்ணெடுக்கதுன்னுதான் தயங்கினோம். இப்பந்தான் அருவிக்குக் கூட்டிட்டுப் போறீகளே.”